பாதி சுத்தமான தொட்டி

கிலியான் பிளாங்க் காலையிலிருந்து நான்காவது வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உன் முதலாளிக்குக் கையில என்ன, சொறியா?" என்று கேட்டான் அல்பான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி, அதன்மேல் உப்புத் தூவிக்கொண்டிருந்தான். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"துப்பறியற தொழில்ல கை சுத்தமா இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான்" என்றாள் ரேசி. "அதான் மாவட்டத்துல யாரும் அவருக்கு ரெண்டாவது கேஸ் குடுக்கறதில்ல."

ரேசிக்கு டாக்ஸி ஓட்டுவது தொழில். பிளாங்குக்கு டிரைவிங் லைசென்ஸ் பறிபோன நாளிலிருந்து அவரைச் சுமந்துகொண்டு அலைவதும், அவர் கேட்காத கேள்விகளைக் கேட்பதும் சேர்ந்துகொண்டன. வாயை அடக்கச் சொல்லி அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவர்தான் பழகிக்கொண்டார்.

"நீங்க யாரைக் காப்பாத்த வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான் அல்பான். "அஃப்ரா எனக்குப் பக்கத்து வீடு. அவ வீட்டு மால்ட் பெட்டியைத் திறந்தது நான். உள்ள இருந்த கேனை வெளிய எடுத்ததும் இந்தக் கைதான். லாக்டிக் அமிலம், அஞ்சு லிட்டர் கேன், பாதிக்கு மேல காலி. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"உங்களுக்கு அதுல ரொம்ப வருத்தம் போல" என்றாள் ரேசி.

"வருத்தமா? போன திருவிழாவுக்கு அவ வீட்டுல உட்கார இடமில்லாம ஜனம் ஜன்னல் கட்டைமேல உட்கார்ந்து குடிச்சுது. என் வீட்டுல நானும் என் நாயும் மட்டும் இருந்தோம். நாய்கூட சாயங்காலமா எழுந்து அவ வீட்டுக்குப் போயிருச்சு." அவன் முள்ளங்கியைக் கடித்தான். "இப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு இல்ல?"

பிளாங்க் கையைத் துடைத்தபடி வந்தார். "உங்க தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

"ஊர்த் தண்ணியே அப்படித்தான். சுண்ணாம்பு மலைக்குள்ளேர்ந்து வருது. கெட்டிலுக்குள்ள எட்டிப் பாருங்க, சுவரே எழுப்பியிருக்கும்."

"நன்றி" என்றார் பிளாங்க். நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னார். அல்பானுக்கு எதற்கென்று புரியவில்லை.

வெளியே வந்து காரில் ஏறியதும் ரேசி சாவியைத் திருகாமல் உட்கார்ந்தாள்.

"முதலாளி, நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். நாலு வீடு, நாலு வாஷ்பேசின், ரெண்டு கக்கூஸ். நாம தேடறது குற்றவாளியா, குழாய் ரிப்பேர் வேலையா?"

"எல்லா வீட்டுலயும் என்ன பாத்தே?"

"வெள்ளையா சுண்ணாம்புக் கறை. குழாய் மூக்குல, தொட்டி ஓரத்துல, ஓட்டையைச் சுத்தி. ஒரு வீட்டுல மட்டும் பளிச்சுனு இருந்துது. அந்தம்மா நேத்துதான் வினிகர் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, வாசனை இன்னும் போகல."

"அது முழுசா சுத்தமான தொட்டி. எனக்கு வேண்டியது பாதி சுத்தமான தொட்டி."

ரேசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிளாங்க் சட்டைப் பையிலிருந்து மோர்ப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சும் ஹாலர்பாக் ஊரில், பித்தப்பை போனதால் மோர் குடித்துக்கொண்டு திரியும் ஒரே ஆண்பிள்ளை அவர்தான். ஊர் அவரை நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"யோசிச்சுப் பாரு" என்றார். "அஃப்ரா ஊத்தலன்னு வச்சுக்கோ. அப்ப யாரோ ஒரு கேன் வாங்கி, உபயோகிச்ச மாதிரி தெரியணுமேன்னு பாதியைக் கீழ கொட்டிட்டு, மீதியை அவ பெட்டியில வச்சிருக்காங்க. எங்க கொட்டியிருப்பாங்க? தெருவுலயா? இந்த ஊர்ல ஜன்னல் இருக்கற இடத்துல எல்லாம் ஒரு கண்ணும் இருக்கு. வீட்டுக்குள்ளதான் கொட்டணும். சுண்ணாம்புமேல அமிலம் பட்டா?"

"கரைஞ்சிரும்." ரேசி சாவியைத் திருகினாள். "இதை முதல் வீட்டுலயே சொல்லியிருந்தா அந்தம்மாகிட்ட உங்களுக்குச் சர்க்கரை வியாதின்னு பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்க் காய்ச்சுவீட்டில் கூட்டம். பீர் காய்ச்சும் உரிமையுள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிக் கை தூக்குவார்கள். அந்த ஊரில் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. உரிமையுள்ள வீட்டுக்காரர்கள் முறைவைத்து, ஊருக்குப் பொதுவான செப்புக் கொப்பரையில் காய்ச்சி, சாற்றைச் சொந்த நிலவறைக்குக் கொண்டுபோய்ப் பீராக்குவார்கள். பக்குவமானதும் வாசலில் மர நட்சத்திரத்தைத் தொங்கவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டுக் கூடமே பீர்க்கடை. கணவர் க்ஸாவர் செத்த பிறகும் அந்த நட்சத்திரத்தை இறக்காமல் வைத்திருந்தவள் அஃப்ரா. அன்று கைகள் எதிராக எழுந்தால் அவள் வீட்டு உரிமை போய்விடும். போனது திரும்பி வராது.

குற்றம் இதுதான். சுண்ணாம்புத் தண்ணீரில் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, கரைத்துக் கூழாக்கினால் கூழில் புளிப்புப் போதாது. போதாவிட்டால் மாவு சரியாகச் சர்க்கரையாகாது, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், பீர் தொண்டையைப் பிறாண்டும். ஆகவே கூழைக் கொஞ்சம் புளிக்க வைத்தாக வேண்டும். ஆனால் புளிப்பு தானியத்திலிருந்தே வரவேண்டும் என்பது கட்டுப்பாடு. முந்தின காய்ச்சலின் சாற்றில் ஒரு சட்டி எடுத்து, வெதுவெதுப்பில் வைத்து, பாலுக்கு உறைகுத்துவதுபோல் புளிக்கவைத்து ஊற்றலாம். கேனிலிருந்து ஊற்றினவர் கொப்பரைப் பக்கமே வரக்கூடாது. வெளியூர்க்காரனுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஹாலர்பாக்கில் அப்பன் பெயரை மாற்றிச் சொன்னால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

காய்ச்சுவீட்டில் ருப்பெர்ட் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொப்பரைக்குப் பொறுப்பு அவர். யார் காய்ச்சினாலும் கூடவே நிற்பார், கூழை அளப்பார், கோள் சொல்ல மாட்டார்.

"அஃப்ரா காய்ச்சின அன்னிக்கு நீங்க கூழை அளந்தீங்களா?" என்று கேட்டார் பிளாங்க்.

"யார் வீடானாலும் அளப்பேன். பி.எச். அஞ்சு புள்ளி நாலு. அவ கூழ் எப்பவும் அதுதான். அளக்கற கருவியே அவளைப் பாத்துத் திருத்திக்கலாம்."

"எண் குறைஞ்சா புளிப்பு அதிகம், இல்லையா?" என்றாள் ரேசி. "அதைச் சொல்லிக்குடுத்த அன்னிக்கு மட்டும் நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன்."

"ஆமா. ஒண்ணுமே சேர்க்காம இந்தத் தண்ணியில கூழ் போட்டா எண் ஆறுகிட்டப் போய் நிக்கும்."

"அவங்க புளிச்சட்டியை ஊத்தினதை நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்னுதானே பாத்தேன். துணி சுத்தி, குழந்தையைத் தூக்கிட்டு வர மாதிரி தூக்கிட்டு வந்தா. அடுத்த உறைக்கு அடியில ஒரு கரண்டி மட்டும் மிச்சம் வச்சுக்கிட்டு, மீதியை முழுக்க ஊத்தினா."

பிளாங்க் கொப்பரையின் விளிம்பில் தன் முகத்தைப் பார்த்தபடி கேட்டார். "அதோட கூட அரை கேன் அமிலமும் ஊத்தியிருந்தா?"

ருப்பெர்ட்டின் துணி நின்றது. அவர் உதடு அசைந்தது, கணக்குப் போட்டார். "ஊறுகாய் போடலாம்" என்றார் மெதுவாக. "சட்டி இல்லாம வெறும் கேனை வச்சே சரிக்கட்டறதா இருந்தாக்கூட அரை லிட்டர் போதும்."

"கொஞ்சம் கொஞ்சமாப் பல தடவை ஊத்தியிருந்தா?"

"அதுவும் இல்ல. கேன்மேல நிரப்பின தேதி அச்சடிச்சிருக்கு, நானே பாத்தேன். அதுக்கப்புறம் அவ காய்ச்சினது ஒரே தடவை." அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. "இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"அப்ப முடிஞ்சுது கேஸ்!" என்றாள் ரேசி. "சாயங்காலம் இதைச் சொல்லிட்டு, நான் ஒரு குவளை குடிச்சுட்டு, இவர் மோரைக் குடிச்சுட்டுக் கிளம்பிடலாம்."

ருப்பெர்ட் தலையாட்டினார், இல்லை என்று. "நீ இந்த ஊர்ல பொறக்கல பொண்ணே. கணக்கை யார் கேப்பா? கேனைக் கண்ணால பாத்திருக்காங்க. அதோட, அவ பீர் நல்லா இருக்கறதுக்கு ஒரு திருட்டுக் காரணம் கிடைச்சதுல பாதி வீட்டுக்கு உள்ளூர சந்தோஷம். வச்சது யாருன்னு ஆளைக் காட்டுங்க. ஆளைக் காட்டினா நம்புவாங்க."

காரில் பிளாங்க் பேசவே இல்லை. அவர் பேசாமலிருந்தால் ஏதோ கண்டுபிடித்துவிட்டார், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ரேசிக்கு அது தெரியும்.

"அல்பான்தானே முதலாளி? நாய்கூட விட்டுட்டுப் போச்சுன்னா எவனுக்கும் ஆத்திரம் வரும்."

"அல்பான் வீட்டுத் தொட்டி எப்படி இருந்துது?"

"வெள்ளைவெளேர்னு."

"ம்" என்றார் பிளாங்க்.

அஃப்ரா வீட்டில் ரொட்டி, புகைபோட்ட பன்றிக்கறி, ஊறவைத்த வெள்ளரிக்காய் எல்லாம் மேஜையில் தயாராக இருந்தன. கூட்டத்தில் தலை போகப்போகிற பெண்பிள்ளை விருந்துக்கு வெட்டி வைத்திருந்தாள். பெரிய உடம்பு, சிவந்த முன்னங்கைகள். ஒரு முழங்கால் மடங்காது. நடக்கும்போது மேஜையையும் நாற்காலியையும் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். அடுப்பு மூலையில் வைக்கோலும் கம்பளியும் சுற்றின புளிச்சட்டி இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் கை அதைத் தொட்டுப் பார்த்தது.

"சாப்பிடுங்க" என்றாள். "என்ன ஆனாலும் நட்சத்திரம் இறங்காது. இறக்கணும்னா என்னையும் சேர்த்து இறக்கட்டும்."

"உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது?" என்றார் பிளாங்க்.

"ஊரே வேண்டாதவங்கதான். குடிக்க மட்டும் வருவாங்க."

"வீட்டுல வேற யாரு?"

"என் பொண்ணு ரோஸினா. மாடியில இருக்கா. டவுன்ல பல் டாக்டர்கிட்ட வேலை, பஸ்ல போய்ட்டு வரா. இன்னிக்கு லீவு." அஃப்ரா ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவினாள். "எனக்கப்புறம் அவதானே. கூழ் கிளறற துடுப்பை இன்னும் தொட மாட்டேங்கறா. தொடுவா. ரத்தத்துல இருக்கு."

பிளாங்க் வழக்கம்போல் கை கழுவ எழுந்து கீழ்க்குளியலறைக்குப் போனார். ரேசிக்கு நிஜமாகவே அவசரம். கதவு சாத்தியிருந்தது.

"மேல ஒண்ணு இருக்கு, போம்மா" என்றாள் அஃப்ரா. "நான் ஏறி வருஷக்கணக்காச்சு. இந்தக் கால் படிக்கட்டைப் பாத்தாலே அழும்."

மாடிக் குளியலறை சின்னது. ரேசி வந்த வேலையை முடித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். குழாய் மூக்கில் சுண்ணாம்பு கடலைப்பருப்பு அளவுக்குக் கட்டிப்போயிருந்தது. திருகில் வெள்ளை. தொட்டியின் ஓரம் முழுக்க வெள்ளைப் பொருக்கு. ஆனால் தொட்டியின் முன்விளிம்பிலிருந்து ஓட்டைவரை, நாக்கு நீட்டினதுபோல ஒரு பட்டை மட்டும் கடையிலிருந்து நேற்று வாங்கிவந்த பீங்கானாகப் பளபளத்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த உலோக வளையம் ஒரு பக்கம் மட்டும் மின்னியது.

ரேசி தண்ணீரை மூடினாள். அடப்பாவி, கிழவியே ஊற்றியிருக்கிறாளா? தானே ஊற்றிவிட்டுத் தங்களையும் கூப்பிட்டு ரொட்டி வெட்டி வைத்திருக்கிறாளா?

இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தாள். பிளாங்க் நடையில் நின்றிருந்தார். அவர் காதில் சொன்னாள். "முதலாளி, நம்ம தொட்டி கிடைச்சிருச்சு. நம்ம கட்சிக்காரி வீட்டுலயே. நாம திருடனுக்கே காவல் நின்னிருக்கோம்."

பிளாங்க் ஆச்சரியப்படவில்லை. "மாடியிலயா?"

"மாடியில."

"அஃப்ரா மாடி ஏறுவாங்களா?"

ரேசி மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோஸினா இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் அதே முன்னங்கைகள். கண்ணுக்குக் கீழே மட்டும் அம்மாவிடம் இல்லாத களைப்பு.

"என் தொட்டியை என்ன அவ்வளவு நேரம் பாத்தீங்க?" என்றாள்.

"குழாயில வெள்ளை அப்படியே இருக்கு, தொட்டியில மட்டும் ஒரு பட்டை போயிருக்கு" என்றார் பிளாங்க்.

"சுத்தம் பண்ணேன்."

"சுத்தம் பண்றவ குழாயிலேர்ந்துதான் ஆரம்பிப்பா" என்றாள் ரேசி. "எங்க வீட்டுலயும் குழாய் இருக்கு."

ரோஸினா கூடையைப் படியில் வைத்தாள்.

"தொட்டியைப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம் வந்திருச்சும்மா" என்றார் பிளாங்க். அவர் குரலில் வெற்றி இல்லை. "பாதி கேனைக் கொட்டினீங்களே, அதுலதான். இந்த ஊர்ல யாரா இருந்தாலும், உங்கம்மாமேல எவ்வளவு வயித்தெரிச்சலா இருந்தாலும், கேன்ல அரை லிட்டர் மட்டும்தான் குறைச்சு வச்சிருப்பாங்க. அப்படி வச்சிருந்தா ருப்பெர்ட்டாலகூட ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. எவ்வளவு ஊத்துவாங்கன்னு தெரியாத ஒருத்தர்தான் பாதியைக் கொட்டுவாங்க. இந்த ஊர்ல அது தெரியாதவங்க யாருன்னு தேடினேன். ஒருத்தர்தான் இருக்கீங்க."

ரோஸினா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "தெரிஞ்சுக்கவே மாட்டேன்னு சின்ன வயசுலேர்ந்து பிடிவாதமா இருந்தேன். அதுலயே மாட்டிக்கிட்டேனா?"

"ஏம்மா?" என்றாள் ரேசி. கிண்டல் எதுவும் நாக்கில் வரவில்லை.

"எங்கப்பா எதுல செத்தார்னு சொன்னாங்க உங்ககிட்ட? நெஞ்சுவலியா? ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கா. கல்லீரல் போய், மஞ்சளா வீங்கி, இந்த நடையில விழுந்து செத்தார். வாசல்ல நட்சத்திரம் தொங்கிட்டிருந்துது. உள்ள ஆளுங்க பாடிட்டிருந்தாங்க. அம்மா கதவைச் சாத்திட்டு, கடைசி ஆள் குடிச்சு முடிக்கறவரைக்கும் பரிமாறினா. அதுக்கப்புறம்தான் டாக்டருக்குப் போன் பண்ணினா." அவள் மூச்சு வாங்கினாள். "மாட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. 'அடுத்த காய்ச்சலுக்கு நீ கிளறு'ங்கறா. நான் பேசறது அவ காதுல விழறதே இல்ல. அம்மா பேரைக் கெடுக்கணும்னு எனக்கு இல்ல. அந்தக் கொப்பரை எங்க வீட்டை விட்டுப் போகணும். வேற வழி தெரியல எனக்கு."

சமையலறை வாசலில் நாற்காலி நகர்ந்தது. அஃப்ரா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரேசி அவளைப் பிடித்துக்கொள்ள ஓடினாள். அஃப்ரா அவள் கையை உதறிவிட்டு மகளைப் பார்த்தாள்.

"சட்டியில ஏதாவது ஊத்தினியா?"

"பாத்தீங்களா?" என்றாள் ரோஸினா, பிளாங்கிடம். பிறகு அம்மாவிடம், மிகப் பொறுமையாக, "இல்லம்மா. உன் சட்டியை நான் தொடல."

அஃப்ராவின் தோள் தளர்ந்தது. நிம்மதிதான் அது, ரேசி தன் கண்ணால் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"கூட்டத்துல நான் கணக்கைச் சொல்லலாம்" என்றார் பிளாங்க். "ஆளைச் சொல்லாம ஏத்துக்க மாட்டாங்க. என்னைக் கூப்பிட்டது நீங்க. நீங்க சொல்லாத பேரை நான் சொல்ல மாட்டேன்."

அஃப்ரா ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை எடுத்தாள். ஒரு கை நுழையவில்லை. ரோஸினா போய், பழக்கத்தில், கோட்டைப் பிடித்துவிட்டாள்.

நாலு மணிக்குக் காய்ச்சுவீடு நிறைந்திருந்தது. பெஞ்சுகள் போதாமல் மால்ட் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கேன் நடுமேஜையில் பிணம்போல் வைக்கப்பட்டிருந்தது. ரோஸினா கதவோரம் நின்றாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. தானே வந்தாள்.

பிளாங்க் கணக்கைச் சொன்னார். ருப்பெர்ட் எழுந்து, அஞ்சு புள்ளி நாலு, தானே அளந்தது, என்று சாட்சி சொன்னார். மோர் குடிக்கிறவன் பேச்சு என்று முதலில் முணுமுணுத்தவர்கள் மெல்ல மெல்ல அடங்கினார்கள். ஊறுகாய் என்ற இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கணக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அல்பான் முள்ளங்கி நாற்றத்தோடு எழுந்து நின்றான்.

"சரி, அவ ஊத்தல. கேன் என்ன, கால் முளைச்சு நடந்து வந்துதா? வச்சது யாரு? பக்கத்து வீட்டுக்காரன் நான்தான்னு நாளைக்கு ஊர் சொல்லும். பேரைச் சொல்லுங்க. சொல்லலேன்னா நான் அவளுக்கு எதிராத்தான் கை தூக்குவேன்."

"ஆமா, பேரைச் சொல்லு" என்றன பல குரல்கள்.

பிளாங்க் அஃப்ராவைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ரேசி பந்தயமே கட்டியிருப்பாள், இந்தக் கிழவி இப்போது வாயை மூடிக்கொள்ளப்போகிறாள், அல்லது நானே ஊற்றினேன் என்று பழியை ஏற்கப்போகிறாள். தாய் என்றால் அப்படித்தானே? ரேசி கைக்குட்டையைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அஃப்ரா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் பொண்ணு" என்றாள். "ரோஸினா. உரிமை போகட்டும்னு அவதான் வச்சா."

குரல் நடுங்கவில்லை. அதுதான் ரேசிக்குத் தாங்கவில்லை.

அத்தனை தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. ரோஸினா தலையைக் குனியவில்லை. அம்மாவையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் சந்தேகப்பட்ட ஒன்றை யாரோ உறுதிசெய்து கொடுத்ததுபோல இருந்தது. சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அருகிலிருந்த மால்ட் மூட்டைமேல் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அஃப்ரா திரும்பிப் பார்க்கவில்லை. "உரிமை நிக்கணும்னா கை தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள். முதலில் எழுந்தது அல்பானின் கை. வெட்கமோ, பக்கத்து வீட்டில் இனி ஒருத்தி குறைச்சல் என்ற கணக்கோ, அவனுக்கே தெரிந்திருக்காது. எதிர்த்து ஒரு கைகூட இல்லை. சிலர் பாராட்டி மேஜையைத் தட்டினார்கள். யாரோ கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அஃப்ராவின் கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. ஜெயித்துவிட்டாள்.

ருப்பெர்ட் துடுப்பை எடுத்துக்கொண்டு கொப்பரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கூட்டம் எழுந்து நின்றது. ஒரு வீட்டு உரிமை உறுதியாகும்போதெல்லாம் இப்படித்தான் நிற்பார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்கப்படும். அதில் விஷமம் இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சம்மதமா என்று கேட்பதுபோல, முறைக்குக் கேட்பது. எல்லா வீட்டையும் வருஷம் ஒரு தடவை கேட்பார்கள். பதிலும் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். பதில் வந்ததும் கொப்பரையில் ஒரு தட்டு, அதோடு அது முடிவாகிவிடும்.

"அஃப்ரா வீட்டு உரிமை நிக்குது" என்றார் ருப்பெர்ட். "அஃப்ராவுக்கு அப்புறம் அந்த வீட்டுக்காக இந்தக் கொப்பரைகிட்ட நிக்கப்போறது யாரு?"

அஃப்ராவின் வாய் தானாகத் திறந்தது. வருஷாவருஷம் சொன்ன பதில். நாக்கு அதைப் பாதி சொல்லிவிட்டது.

"ரோ..."

அங்கேயே நின்றது. பெஞ்சில் யாரோ இருமினார்கள். ருப்பெர்ட்டுக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று புரிந்தது. துடுப்பைத் தாழ்த்தினார், மறுபடி உயர்த்தினார். வேறென்ன செய்ய முடியும் அவரால்?

"முறை, அஃப்ரா" என்றார் தணிந்த குரலில். "ஒரு பேர் சொல்லணும். இல்லேன்னா உன்னோட முடிஞ்சுடும். உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதா முறை?" என்று சீறினாள் அஃப்ரா. பிறகு மால்ட் மூட்டையைப் பார்த்தாள். சாவி அங்கேயே கிடந்தது. அதை எடுக்கப் போகலாம் என்பதுபோல ஒரு அடி வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"யாருமில்ல" என்றாள்.

ருப்பெர்ட் கொப்பரையை ஒருமுறை தட்டினார்.